உள்ளங்கைச் சோதனை

என் வீட்டுக்காரருக்கு டாக்ஸி ஸ்டாண்டில் 'உள்ளங்கை' என்று பெயர். பழைய வண்டி வாங்கப் போகிற எவனும் அவரை அழைத்துக்கொண்டுதான் போவான். இவர் சொல்லாமல் கொள்ளாமல் காலையில் விற்கிறவன் வாசலில் போய் நிற்பார். சாவியைக் கேட்பதற்கு முன்பே, இன்ஜினை மூடியிருக்கும் பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். ஜில்லென்று இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. இளஞ்சூடு தட்டினால்கூட, "வாங்க, போலாம்" என்று திரும்பிவிடுவார். இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ நோய் இருந்தால், ஆறிக் கிடக்கும் வண்டி முதல் ஸ்டார்ட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும். விற்கிறவன் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் அதே வண்டி சமர்த்தாக நிற்கும். இந்தக் கையை நம்பித் தப்பித்த குடும்பங்கள் நிறைய. எங்கள் குடும்பம் அதில் இல்லை.

இருபத்திரண்டு வருடம் அவர் ஓட்டியது ஒரு சின்ன டாக்ஸி. அதற்கு வைத்தியம் பார்த்தது ஒரே மெக்கானிக். பத்தொன்பது வருடப் பழக்கம். அவர் என்னைத் 'தங்கச்சி' என்பார், நான் 'அண்ணே' என்பேன், பிள்ளைகளுக்கு மாமா. என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் நின்ற மனிதர். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த அண்ணன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "மாப்ள, ஏர்போர்ட் சவாரிக்குப் பெரிய வண்டி வேணும்னு சொல்லிட்டே இருந்தல்ல? என் கஸ்டமர் ஒருத்தர் எஸ்யூவி விக்கிறாரு. ஏழு பேர் போலாம், ஆட்டோமேட்டிக் கியரு. அஞ்சு வருஷமா நான்தான் பாக்கறேன். கண்ண மூடிட்டு எடு" என்றார்.

நானும் இவரோடு அண்ணனின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். அந்த உயரத்துக்கு ஏற என் முழங்கால் இரண்டு முறை யோசித்தது. அண்ணன் டீ வாங்கி வரச் சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர் நடக்கிற வாக்கில் பானட்டின் மேல் கையை வைத்து எடுத்தார். ஓட்டிப் பார்த்தோம். ஒரு குலுங்கல் இல்லை.

திரும்பி வரும்போது எங்கள் டாக்ஸியில் கேட்டேன். "பானட் எப்படிங்க இருந்துச்சு?"

"ஜில்லுனு இருந்துச்சு."

எனக்கு அது போதும். அடுத்த வாரம் டாக்ஸியை விற்றோம். அதுவும் பற்றாமல், நான் ரெடிமேட் துணிகளுக்கு ஓரம் அடித்துச் சம்பாதித்த ஓவர்லாக் மெஷினும் போனது. விற்றது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

வண்டி வந்த நாளிலிருந்து, காலையில் ரிவர்ஸ் போட்டால் சற்று நேரம் அசையாமல் நிற்கும். பிறகு 'டங்' என்று உதைத்துக்கொண்டு நகரும். "பெரிய வண்டின்னா அப்படித்தான்" என்பார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாற்பதாவது நாள், ஏர்போர்ட் போகும் மேம்பாலத்தின் ஏற்றத்தில், இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. சவாரி வந்த குடும்பம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வேறு வண்டியைத் தேடி ஓடியது. இவர் அண்ணனுக்குப் போன் மேல் போன் போட்டார். எடுக்கவில்லை. பிறகு என்னை அழைத்தார்; நான் போய்ச் சேர்ந்ததும் கயிறு கட்டி இழுத்து, கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கிற வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனோம்.

பட்டறைக்காரர் அடியில் இருந்த ஆயில் தட்டைக் கழற்றி எங்கள் முன்னால் வைத்தார். உள்ளே சேறு மாதிரி இரும்புத்தூள்.

"உள்ள ப்ளேட்டெல்லாம் தேஞ்சு பொடியாயிடுச்சு. புதுசா கட்டணும்னா வண்டி வாங்கின வெலையில பாதி ஆகும். ரெண்டு மாசம் முன்னாடி யாரோ இதக் கழட்டி, கெட்டி ஆயில ஊத்தி மூடியிருக்காங்க. சத்தம் கொஞ்ச நாளைக்கு அடங்கும், அவ்வளவுதான்."

இவர் குனிந்து தட்டின் ஓரத்தைப் பார்த்தார். ஆயில் கசியாமலிருக்கத் தடவிய நீலப் பசை. ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் கட்டைவிரலால் வழித்து விட்ட தடம். எல்லோரும் துணியால் துடைப்பார்கள். கட்டைவிரலால் வழிக்கிறவர் எங்களுக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் டாக்ஸியில் பத்தொன்பது வருடமாகப் பார்த்த தடம் அது.

அங்கிருந்து நேராக ஷெட்டுக்குப் போனோம்.

"கஸ்டமர் வண்டின்னீங்களே, அண்ணே?" என்று கேட்டேன்.

"என் வண்டிதான், தங்கச்சி. ஏலத்துல எடுத்து மாட்டிக்கிட்டேன். யார் தலையிலயாவது கட்டினாத்தான் நான் மூச்சு விட முடியும்னு ஆயிடுச்சு."

"அதுக்கு எங்க தலைதான் கெடச்சுதா?"

அண்ணன் என்னை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினார். "நான் என்ன ஒளிச்சா வெச்சேன்? அன்னிக்கு ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்துதான் நிறுத்தினேன். நீதான் பானட்ல கை வெச்சியே மாப்ள, சுட்டிருக்குமே! ஒரு வார்த்த கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பயிர் ஏன் கத்தவில்லை என்று கேட்டது. திட்ட வாயெடுத்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பிப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

பஸ் நிறுத்தத்தில்தான் கேட்டேன். "சுட்டுச்சா?"

"சுட்டுச்சு."

"ஜில்லுனு இருந்துச்சுன்னு சொன்னீங்களே?"

"மச்சான்கிட்ட போய் எப்படிக் கேக்கறது? சந்தேகப்படற மாதிரி ஆயிடாதா?"

"அவர்கிட்ட கேக்க வேணாங்க. திரும்பி வர்றப்போ பக்கத்துல நான்தானே உக்காந்திருந்தேன்? என்கிட்ட சொல்லியிருக்கலாமே. மெஷின நான் வித்திருக்க மாட்டேனே."

அண்ணன் கழுத்தறுத்தான், அவனை இனி வாசலில் ஏற்றமாட்டேன், அதோடு முடிந்தது. ஆனால் இந்த மனிதரோடு நான் ஒரே வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

பஸ் வந்தது. முதலில் ஏறியவர், எப்போதும் போல என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். நான் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டேன்.