நைனாவின் பழைய ஆயில்

கார் வாங்கிய முதல் வருஷம் மெக்கானிக் ஷெட்டில்தான் சர்வீஸுக்கு விட்டேன். ஆயில் மாற்றிவிட்டதாகப் பில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் அதே பழைய தார்க் கறுப்பு. திரும்பிப் போய் நான் போட்ட சண்டையை அந்தத் தெரு இன்னும் மறந்திருக்காது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் காருக்கு நானேதான் ஆயில் மாற்றுகிறேன். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் உண்டு. என் கணவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவருக்குக் கார் என்றால் முன் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்குகிற இடம்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் கார் நிற்கிற அளவுக்குச் சிமெண்ட் தரை இருக்கிறது. முன் சக்கரங்களை இரண்டு மரக்கட்டைகள் மேல் ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுப்பேன். என்ஜினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்ததும், அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு மல்லாந்து காருக்கு அடியில் போவேன். பதினேழாம் நம்பர் ஸ்பேனரால் அடிப்போல்ட்டைத் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளை விரலால் கழற்ற வேண்டும். சூடான ஆயில் முழங்கை வரை வழியும். அதற்குப் பயந்தால் இந்த வேலைக்கே வரக்கூடாது. பிறகு முழுவதும் வடிகிற வரை அடியில் வைத்த பேசினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த நேரத்துக்குச் சரியாக எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து நைனா வந்துவிடுவார். அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். முதல் நாள் சாயந்திரமே அவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவேன். அம்மா போன பிறகு குப்பத்து வீட்டில் அவர் தனி. ஆற்றில் இறால் பிடிப்பவர். கூட இருந்தவர்களெல்லாம் ஃபைபர் படகுக்கு மாறியபோதும் அவர் மரப்படகை விடவில்லை. மரத்தைப் பூச்சி அரிக்காமலிருக்க, வடித்த ஆயிலைப் பழைய லுங்கித் துணியில் நனைத்து ஒவ்வொரு பலகையாகத் தேய்ப்பார். அதற்கு என் காரின் ஆயில்தான் வேண்டும் என்பார். ஒயர் கூடையில் எனக்கு இறால் வரும். திரும்பிப் போகும்போது அதே கூடையில் ஆயில் கேன் போகும். புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மார்க்கரால் அதன் மேல் எழுதிக் கொடுப்பேன்.

ஆயில் வடிய உண்மையில் பத்து நிமிஷம் போதும். நாங்கள் அரை மணி நேரம் விடுவோம். வாசற்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடி ஏதாவது பேசுவோம். மற்ற நாட்களில் எங்களுக்குள் அவ்வளவு பேச்சு கிடையாது. அவர் கோபக்காரர், நான் அவருக்கு மேலே. பேசினில் ஆயில் சொட்டுகிற நேரத்தில் மட்டும் இரண்டு பேரும் சண்டை போட்டதில்லை.

பிறகு ஒரு மார்கழி மாத மழையில், வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றுக்குள் வந்தது. எங்கிருந்து வந்தது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். குப்பத்து ஆட்கள் பிளாஸ்டிக் மக்கை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி அள்ளினார்கள். நைனாவும் அள்ளினார். கை, கால், மார்பு எல்லாம் கறுப்பு. ஒரு வாரம் கழித்துத் தோலெல்லாம் தடித்து அரிப்பெடுத்தது. வலைகளை எரித்தார். படகை மரத்தடியில் கவிழ்த்துப் போட்டார். இறால் எப்போது திரும்ப வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

என்னோடு வந்து இருக்கச் சொன்னேன். கேட்கவில்லை. கத்தினேன். அதற்கும் அசையவில்லை.

"படகு கீதே கண்ணு. அத்த வுட்டுட்டு எங்க வர்றது?"

"படகு இல்லன்னா வருவியா?"

"அது போச்சின்னா சொல்லு. நானே மூட்டையக் கட்டிக்கினு வந்துடறேன்."

அந்தப் படகு மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கவிழ்ந்த மரம் என் அப்பாவைப் பிடித்து வைத்திருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அது இருக்கிற வரைக்கும்தான் அவர் தலையை நிமிர்த்திப் பேசுவார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவது நிற்கவில்லை. தண்ணி தெளிஞ்சிடும், அதுக்குள்ள படகு காஞ்சி வெடிச்சிடக் கூடாதில்ல என்று சொல்லிக் கேனை வாங்கிப் போவார். கூடையில் இறாலும் வந்தது. அலசும்போதே தெரிந்துவிட்டது, அது ஆற்று இறாலே இல்லை, காசிமேட்டில் வாங்கிய ஐஸ் இறால். நானும் மீன்காரி மகள்தானே. ஆற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை, வெறுங்கையோடு வரக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு குழம்பு வைத்தேன்.

போன வருஷம் ஒரு ஞாயிறு ஆயில் மாற்றியபோது, மூக்குக் கண்ணாடியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நகர்ந்து நகர்ந்து அதைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். அந்தச் சண்டைக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை, அவர்தான் வருவார். வீடு பூட்டியிருந்தது. எதிரே மரத்தடி காலியாக இருந்தது. படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டாரோ என்று ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. பக்கத்து வீட்டு அத்தையிடம் கேட்டேன்.

"படகா? அது போயி ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. மரமெல்லாம் இத்துப்போச்சின்னு அடுப்புக்கு உடைச்சிக் குடுத்துட்டான். உன்கிட்ட சொல்லலியா கண்ணு?"

நைனா இப்போது ஒரு கண்டெய்னர் யார்டில் பகல் வாட்ச்மேனாக இருக்கிறார் என்றும் அத்தையே சொன்னாள். நான் வீட்டின் பின்பக்கம் போனேன். சுவரோரம் கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே மூன்று கேன்கள் வரிசையாக இருந்தன. மூன்றும் நிரம்பியிருந்தன. மூன்றின் மேலும் என் கையெழுத்தில் கிலோமீட்டர் கணக்கு. கடைசிக் கேன் முந்தின நாள் கொடுத்தது. அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதேன். அழுகை நின்றதும் கோபம் வந்தது. பொய் சொன்னதற்காக அல்ல. இந்த வயதில் அந்தக் கனத்தைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாரே என்றுதான்.

கண்ணாடியை அத்தையிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நைனாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால், வாக்குக் கொடுத்த மனுஷன், மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். அப்படித் தோற்றுப்போய் அவர் என் வாசலில் வந்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த ஆறு மாதம் முடிகிற சமயத்தில், என் வாழ்நாளிலேயே பெரிய புத்திசாலித்தனம் செய்வதாக நினைத்து ஒன்று செய்தேன். எந்த ஷெட்டோடு சண்டை போட்டேனோ அதே ஷெட்டுக்குப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு ஆயில் மாற்றிக்கொண்டு வந்தேன். பழைய ஆயிலை அவர்களே வைத்துக்கொண்டார்கள். நைனாவுக்குப் போன் போடவில்லை. கேனைச் சுமக்கிற வேலையும் அதற்காகப் பொய் சொல்கிற வேலையும் அவருக்கு மிச்சம் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு காலை கேட் சத்தம் கேட்டது. ஒயர் கூடையோடு நைனா நின்றிருந்தார். மாதக் கணக்கை அவரும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கார் கட்டை மேல் ஏறாமல் நிற்பதைப் பார்த்தார்.

"இன்னாமா, மாத்தலியா?"

"மாத்தியாச்சு நைனா. ஷெட்டுல வுட்டுட்டேன். வேலை ஜாஸ்தி, நேரமே இல்ல."

"பழசு?"

"அவங்களே எடுத்துக்கினாங்க."

நல்லதாப் போச்சி, உனக்கும் இடுப்பு வலி மிச்சம் என்றார். டீ போட்டேன். படியில் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். சொட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் எங்கே பார்ப்பது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. டீயைச் சூடாகவே குடித்து முடித்துவிட்டு எழுந்தார். கூடையிலிருந்து இறாலை எடுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் கூடையை இரண்டாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். அவருக்கு என்ன செய்துவிட்டேன் என்பது அந்த மடித்த கூடையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கூப்பிட்டால் கால் வலி என்பார், டூட்டி என்று மட்டும் சொல்லமாட்டார்.

இந்த முறை ஆறு மாதம் ஆகும்வரை நான் காத்திருக்கவில்லை. புது ஆயில் வாங்கி வந்தேன். சனிக்கிழமை போன் போட்டபோது அவர் எடுக்கவில்லை. ஞாயிறு காலை காரைக் கட்டை மேல் ஏற்றி, போல்ட்டைக் கழற்றி, ஆயில் விழ ஆரம்பித்ததும் ஆயில் கையோடே மறுபடி கூப்பிட்டேன். எடுத்தார். ஆயில் வடிஞ்சிகினு கீது நைனா, வந்து எடுத்துக்கினு போ என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"எனக்கு எதுக்கு கண்ணு ஆயிலு? படகுதான் இல்லியே."

நான் பேசினில் விழுகிற ஆயிலைப் பார்த்தேன். மெதுவாக அவரே மறுபடியும் பேசினார்.

"அது போச்சின்னா வர்றேன்னு சொன்னேனே. வந்துடட்டுமா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் கத்திக் கேட்டது இதைத்தான். இப்போது அவர் என்னிடம் அனுமதி கேட்பதுபோல் கேட்டார். பஸ்ஸெல்லாம் வேண்டாம், இதோ நானே வர்றேன் என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தேன். என்ஜினில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. போல்ட்டை மாட்டி, ஃபில்டர் மாற்றி, புது ஆயிலை ஊற்றிக் குச்சியில் பார்த்துக் கிளம்ப அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் நான் அழுதுகொண்டேதான் இருந்தேன்.

போனபோது வீட்டைப் பூட்டிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒயர் கூடையில் நாலு சட்டை, லுங்கி, அம்மாவின் போட்டோ. பக்கத்தில் மூன்று கேன்களும், தூசி துடைத்து, என் கையெழுத்து தெரிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்தன.

"இதுங்களும் வரட்டும்" என்றார். "உன்னுதுதானே."

நான் டிக்கியைத் திறந்தேன்.