பத்து எண்ணும்வரை

என் மகளுக்கு ஏழு வயது. காது நன்றாகக் கேட்கும், சொன்னதெல்லாம் புரியும். சொற்கள்தான் வாய்க்கு வந்து சேரத் தாமதமாகும். அவளுக்கென்று தனியாக ஒரு கல்வித் திட்டம் எழுத, பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியை என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவளுக்கு பஸ் என்றால் உயிர் என்றேன். உடனே எழுதினார்: 'இந்தப் பருவத்துக்குள் பஸ்ஸில் தானே டிக்கெட் கேட்பாள்.' அதற்குக் கீழே எனக்கும் ஒரு வரி: 'அம்மா பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது.' எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் அவளுக்கும் சேர்த்துப் பேசியது நான்தானே.

பருவம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் கேட்காவிட்டால், பேசாமல் ஒரு பட அட்டையைத் தொட்டுக் காட்டினாலே போதும் என்று இலக்கைக் குறைத்துவிடுவார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை காலை என் நாத்தனார் வீட்டுக்குப் போக, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கரிவலம் பஸ் ஏறினோம்.

"எங்க போறிய?" என்றார் கண்டக்டர்.

நான் மகளைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு. அவள் உதடு மட்டும் அசைந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஆறு, ஏழு என்று எண்ணினேன்.

"பாவம், அம்மைக்கும் பேச்சு வராது போல" என்றார் பின்சீட்டுப் பெண்.

எனக்கு வந்த கோபத்துக்கு வாசுதேவநல்லூர் வரை கேட்கும்படி கத்தியிருப்பேன். பத்து முடிந்தது. இனி நான் பேசலாம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கண்டக்டர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

மகள் எட்டி அவர் பையைப் பிடித்து இழுத்தாள்.

"ரெண்டு."

"எந்த ஊருக்கு, மக்கா?"

"அத்த வீடு."

பஸ்ஸே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் குனிந்து கேட்டார். "அத்த எந்த ஊர்ல இருக்கா?"

"கரிவலம்."

அவர் இரண்டு டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார். "ஒண்ணு ஒனக்கு. இன்னொண்ணு யாருக்கு?"

"எங்கம்மைக்கு."

இது திட்டத்தில் எந்த வரியிலும் இல்லாத பதில். சந்தோஷம் தாங்காமல், பஸ் என்றும் பாராமல், அவளைக் கட்டிப்பிடித்து முத்தமாகக் கொடுத்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையை விலக்கினாள்.

"விடும்மா" என்றாள், தெளிவாக.