மத்தியானத்தில் கூவிய சேவல்

கதவில் பூட்டு தொங்கியது. உள்ளே என் தங்கச்சி மாதிரி ஒருத்தி மயங்கிக் கிடக்கிறாளா, இல்லை அறையே காலியா என்று எனக்குத் தெரியாது. சாவி என்னிடம் இல்லை. கொட்டுகிற மழையில் அந்தப் படியில் நின்றேன். நான் இந்த நாட்டுக்காரியும் இல்லை. அன்றைக்கு ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

என் பெயர் ஷாமினி. இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். கிறிஸ்துமஸ் முடியும்வரை ஓரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்பிள்ளைகளுக்கு உதவியாக இருந்துவிட்டு வா என்று எங்கள் சபை என்னை அனுப்பியது. முதல் தடவையாக விமானம் ஏறினேன். பெரிய ஊழியக்காரி என்ற நினைப்பு வேறு. கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து என் பேச்சைக் கேட்பார்கள் என்று கனவு கண்டுகொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்! நான் பொய் சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு அறைக்குப் போனால், "நைட் ஷிப்ட் முடிஞ்சு இப்பதான் படுத்தோம்க்கா." சேரப்பணஞ்சேரியில் ஒரு அறைக்குப் போனால் ஒருத்தி குளிக்கிறாள், ஒருத்தி பஸ்ஸுக்கு ஓடுகிறாள், ஒருத்தி குறட்டை. கேரல் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போனவள் வாசலில் நின்று செருப்பை எண்ணிவிட்டு வந்தேன். ஆண்டவரே, தூங்குகிறவர்களுக்குக் காவல் இருக்கவா கடல் தாண்டி என்னைக் கொண்டுவந்தீர் என்று முறைப்பாடு வைத்தேன். அந்த முறைப்பாட்டுக்கும் அவர் பதில் வைத்திருந்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

சேரப்பணஞ்சேரியில் இருக்கிற சபையின் பாஸ்டர், அங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேரோடு என்னைத் தங்கவைத்தார். ஒருத்தி பேச்சியம்மாள், காலையில் போய் மாலையில் வருகிறவள். மற்றவள் முத்துச்செல்வி. தென்காசிப் பக்கம், பத்தொன்பது வயது. அந்த வாரம் அவளுக்கு பி ஷிப்ட், மத்தியானம் பஸ் ஏறினால் நடுச்சாமத்தில்தான் வருவாள். வாயாடி. டீயை நான் "தேத்தண்ணி" என்று சொன்னால் போதும், அதையே நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "சிலோன் அக்கா, தேத்தண்ணி குடிச்சியளா?" எனக்குச் சில நேரம் சரியான கோபம் வரும். வந்த வேகத்தில் போய்விடும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பகலில் ஒருத்தி தூங்கும்போது உள்ளே தாழ்ப்பாள் போடமாட்டார்கள். போட்டால் வெளியே இருந்து வருகிறவள் தட்டித் தட்டிக் கை வீங்கவேண்டியதுதான், அந்த அசதித் தூக்கம் அப்படி. அதனால் கடைசியாகப் புறப்படுகிறவள் வெளியே பூட்டிவிட்டுப் போவாள். பூட்டு தொங்கினால் யாரும் வந்து கதவைத் தட்டித் தொந்தரவு செய்யவும் மாட்டார்கள். ஜன்னலில் வெளிச்சம் வராமல் அட்டை ஒட்டியிருக்கும். எல்லா அறையிலும் அப்படித்தான். எங்கள் பூட்டுக்கு ஒரே சாவி; பேச்சி வேலைக்குப் போகிற வழியில் அதை என்னிடம் கொடுப்பாள், மத்தியானம் நான் வந்து செல்வியைத் திறந்துவிடுவேன். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

டிசம்பர் மழையில் செல்விக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் அனலாய்க் கொதித்தாள். மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போனாள், கேட்டால் "லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போயிரும்க்கா" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நானும் பேச்சியும் சொல்லிச் சொல்லிக் களைத்தோம். வியாழக்கிழமை காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

"காய்ச்ச விட்டுருச்சுக்கா. ஒறங்குனா சரியாயிரும். முடியலன்னா நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்! காய்ச்சல் விட்டதற்கு அவள் தலைமாட்டிலேயே ஸ்தோத்திரம் பண்ணிவிட்டு, நட்சத்திரம் ஒட்ட சபைக்குப் புறப்பட்டேன். பேச்சி வழக்கம்போலப் பூட்டிக்கொண்டு, சாவியை அன்றைக்கு என்னிடம் கொடுக்க மறந்து, பையில் போட்டபடியே கம்பெனிக்குப் போய்விட்டாள். அந்தக் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், கூப்பிட்டாலும் அவளால் எடுக்க முடியாது.

மத்தியானம் நெருங்கும்போது சபையில் உட்கார்ந்து வண்ணத்தாள் வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒன்று உறைத்தது. காலையில் நான் "தேத்தண்ணி வச்சிருக்கேன்" என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கிண்டல் பண்ணவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இந்தச் சின்ன விஷயம் என் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். தூங்கும்போது அவள் போனைச் சத்தமில்லாமல் வைப்பாள், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு மழையில் ஓடினேன்.

கதவைத் தட்டினேன். பிறகு அடித்தேன். "செல்வி! செல்வி!" சத்தமே இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து ஓனரம்மா கன்னியம்மா எட்டிப் பார்த்தார். அந்த வரிசை அறைகள் அவர்களுடையவை, ஒரு காலத்தில் அவர்கள் பயிர் வைத்த நிலமாக இருந்த இடம். அவர் சமையலறையும் எங்கள் அறையும் ஒரே சுவர்.

"இன்னாத்துக்குமா இப்டி இடிக்கிற? அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு காலையில சொல்லிகினு இருந்துச்சே. கூட கீற பொண்ணு இட்டுகினு போயிருக்கும்."

இருக்கலாம். ஆனால் இல்லாமலும் இருக்கலாமே! பாஸ்டருக்குப் போன் போட்டேன். அவர் தண்டலத்தில், மழைநீர் தேங்கிய ரோட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். "அம்மா, பேச்சியைக் கம்பெனியில கூப்பிடப் பார்க்கிறேன். நான் வர்ற வரைக்கும் எதையும் உடைச்சிடாதீங்க" என்றார். இரண்டு அறை தள்ளிக் குடியிருந்த ஒருவரும் வந்து நின்றார். "பூட்ட ஒடைச்சி, நாளைக்கு ஒரு பொருள் காணோம்னா யாரு பதில் சொல்றது? நீங்க வெளிநாட்டு ஆளு. போலீஸ் கேஸாயிட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்." அவர் கெட்டவர் இல்லை. சொன்னதும் நியாயம்தான். பாஸ்போர்ட், சபையின் பெயர், ஊரில் அம்மா, எல்லாம் கண்முன்னே வந்து நின்றது. பேசாமல் சாயங்காலம் பேச்சி வரும்வரை காத்திருப்போமா என்றும் ஒரு மனம் சொன்னது.

முட்டி போட்டேன். அந்த ஈரப் படியிலேயே, எல்லாரும் பார்க்க. எனக்கு நீளமான ஜெபம் வரவில்லை. "இயேசுவே, அவள் உள்ளே இருந்தால் ஒரு சத்தம் கேட்கப் பண்ணும். ஒரே ஒரு சத்தம் போதும். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மழைச் சத்தம்தான் கேட்டது. அழுகை முட்டியது. ஆண்டவர் மேல் கோபமும் வந்தது. மறைப்பானேன், வந்தது.

அப்போது உள்ளே ஒரு சேவல் கூவியது.

செல்வியின் போன் அலாரம் அது. பி ஷிப்ட் பஸ்ஸுக்கு எழும்ப அவள் வைத்திருக்கிற சேவல் சத்தம். போன் ஊமையாய்க் கிடந்தாலும் அலாரம் மட்டும் கத்தும் என்பது அந்தக் கணத்தில்தான் என் மண்டைக்கு எட்டியது. போன் உள்ளே இருக்கிறது! போனை விட்டுவிட்டு அந்தப் பிள்ளை தெருமுனைக்குக்கூடப் போகமாட்டாள்.

சேவல் கூவிக்கொண்டே இருந்தது. கன்னியம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மத்தியானத்தில் சேவல் கூவுகிற வீடு உருப்படுமா என்று பி ஷிப்ட் வாரமெல்லாம் அவர் எங்களைத் திட்டுவார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் கேட்கிறவர்.

"ரெண்டு வாட்டி கூவும், டக்குன்னு நிறுத்திடும் அந்தப் பொண்ணு" என்றார் மெதுவாக. "இன்னிக்கி நிக்கலயே."

அடுத்து அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உள்ளே போனார். ஒரு கடப்பாரையோடு வந்தார். "நவுரு" என்றார். அந்த மனிதர் எதையோ சொல்ல வாயெடுத்தார். "என் வூட்டுக் கதவு, நான் ஒடைக்கிறேன். உனக்கு இன்னா?" என்று கேட்டுக்கொண்டே கொண்டியில் கடப்பாரையைச் செருகி ஒரு நெம்பு நெம்பினார். பூட்டு கொண்டியோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது.

செல்வி பாத்ரூம் வாசலில் கிடந்தாள். உடம்பு சில்லிட்டு வியர்த்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை. மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டோம், மழையில் தாமதமாகும் என்றார்கள். நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு "ஆண்டவரே, ஆண்டவரே" என்றுதான் கத்தினேன்.

தெருமுனையில் ஹாரன் அடித்தது. அவளுடைய பி ஷிப்ட் பஸ்!

கன்னியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றார். டிரைவர் தயங்கினார். பஸ் நிறையப் பிள்ளைகள், லேட்டானால் அத்தனை பேருக்கும் சூப்பர்வைசரிடம் ஏச்சு. உள்ளே இருந்து பிள்ளைகளே கத்தினார்கள்: "நம்ம செல்விண்ணே! வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க, லேட்டானா ஆவட்டும்!" சீட்டில் அவளைப் படுக்கவைத்தோம். யார் யாரோ துப்பட்டாவைக் கழற்றி அவளைப் போர்த்தினார்கள். முன்பு நான் போய் எழுப்ப முடியாமல் திரும்பி வந்த பிள்ளைகள்தான் அவர்கள். போகும் வழியெல்லாம் என்னோடு சேர்ந்து ஜெபித்தார்கள், சாமி கும்பிடுகிறவர்கள் அவர்கள் சாமியைக் கூப்பிட்டார்கள்.

டெங்கு. டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "காய்ச்சல் விட்டதும் சரியாயிடுச்சுன்னு எல்லாரும் நினைச்சுடறாங்கம்மா. டெங்குல அப்பதான் ஆபத்தே. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நாங்க ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." காலையில் நான் ஸ்தோத்திரம் பண்ணிய அதே குளிர்ந்த நெற்றி! சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் அவளை ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள். பேச்சி ஷிப்ட் முடிந்து ஓடிவந்து, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு "நான்தான்க்கா பூட்டுனேன், நான்தான்க்கா பூட்டுனேன்" என்று அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். தென்காசியிலிருந்து செல்வியின் அம்மா வந்து சேர்ந்தார். கன்னியம்மா மாரியம்மன் கோயில் குங்குமம் கொண்டுவந்தார். பேச்சி என் முகத்தைப் பார்த்தாள். நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். என் ஜெபத்துக்கு ஆண்டவர் அந்த அம்மா கையில்தான் கடப்பாரையைக் கொடுத்தார். அவர் யாரைக் கொண்டு வேலை செய்யலாம் என்று சொல்ல நான் யார்? மூன்றாம் நாள் செல்வி கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

ஊரிலிருந்து என் அண்ணன் போனில் கேட்டான்: "அது தினமும் அடிக்கிற அலாரம்தானே? நீ ஜெபிக்காட்டியும் அடிச்சிருக்கும்." அடித்திருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. அடித்து ஓய்ந்திருக்கும். ஓனரம்மா தாளிக்கிற சத்தத்தில் அதைக் கவனித்திருப்பாரா? பாதி வெட்டிய நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு, அந்த நேரத்துக்கு என்னை அந்தப் படியில் கொண்டுவந்து நிறுத்தியது யார்? அந்த அலாரத்தை வைத்தது செல்வி. என்னை வைத்தது அவர்.

இன்றைக்கு எங்கள் வரிசையில் ஆள் உள்ளே இருக்கும்போது யாரும் வெளியே பூட்டுவதில்லை. ஒவ்வொரு அறைக்கும் இன்னொரு சாவி கன்னியம்மா வீட்டு ஆணியில் தொங்குகிறது. நானும் மாறிவிட்டேன். தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்து இப்போது எனக்குச் சலிப்பு வருவதில்லை. கதவருகே உட்கார்ந்து, ஒவ்வொருத்தி பெயரையும் சொல்லி ஜெபித்துவிட்டு வருகிறேன். காவல் இருப்பதும் ஊழியம்தான் என்று அவர் எனக்குக் காட்டிவிட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று கன்னியம்மா வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. செல்வி மெலிந்து போய், கையில் ஊசி குத்திய கறுப்புத் தடத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இலையில் சோறு விழுந்த நேரம் சேவல் கூவியது. அத்தனை பேரும் அப்படியே உறைந்துவிட்டோம். கன்னியம்மா கரண்டியோடு நின்றார். செல்வியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டாம் தடவை கூவியது. செல்வி கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

பிறகு என் கண்ணீரைப் பார்த்துவிட்டு, "என்ன சிலோன் அக்கா, தேத்தண்ணி ஊத்தட்டா?" என்றாள்.

இதை வாசிக்கிற அன்பானவர்களே, உங்கள் முன்னாலும் ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருக்கலாம். சாவி உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். வாசலை விட்டுப் போய்விடாதீர்கள். அவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு அங்கேயே நில்லுங்கள்.