அசலுக்கு ஒரே வார்த்தை

கல்கத்தா டாலிகஞ்சில் எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு முதலீட்டு ஆலோசனை சொன்னவர் அவர். பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். என் விருப்ப ஓய்வுப் பணத்தை, அதிக வட்டி தருவதாகச் சொன்ன ஒரு கம்பெனியில் போடக் கிளம்பியபோது தடுத்தார்.

“வட்டிய இங்க ‘ஷுத்’ங்கறா. அசலுக்கு மட்டும் பெங்காலிக்கும் நமக்கும் ஒரே வார்த்தை, சார். அது போனா சர்க்கார் விசாரணைக் கமிஷன் போடும், காசு போடாது. பேங்க்லயே போடுங்கோ.”

அப்படியே செய்தேன். சில வருஷத்தில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த வழியாகப் போனபோது பார்த்தேன், பூட்டிய கதவுக்கு முன்னால் பணம் போட்டவர்களின் கூட்டத்தில் அவரும் நின்றார்.

“நீங்களுமா?”

“பையன் இவாகிட்ட ஏஜென்டா சேர்ந்தான். முதல் ஆளா அப்பாகிட்டதான் வந்து நின்னான். வேண்டாம்னு எப்படிச் சொல்றது, சார்?”

என்னைக் காப்பாற்றியவருக்கு அன்று ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்திருக்கலாம் என்று இன்னும் தெரியவில்லை.