பிரிகேடியரின் மூன்று நாள் மௌனம்

முதன்முதலில் அவர் குரல் கம்மியது ஒரு காலைத் தேநீர் வேளையில். "இன்னாடி பிலோமி, டீ ஆறிப்போயி கீது" என்றார் என் கணவர். தினமும் கேட்கிற குரல்தான்; ஆனால் அன்று அதில் மணல் ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் அணிவகுப்பில் கத்தியிருப்பார் என்று எண்ணி மிளகும் சுக்கும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்தும் அந்த மணல் போகவில்லை.

வீட்டில் ஒருவருக்குத் தொண்டையில் புற்று என்று கேள்விப்பட்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் என்னிடம் அதிகம் கிடையாது. நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். அதையாவது நீங்கள் செய்யாமல் இருங்கள்.

அவர் அப்போது வடக்கே ஒரு ஊரில் பிரிகேடியராக இருந்தார். மூன்று பட்டாளங்கள், ஏறக்குறைய மூவாயிரம் பேர், அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். பிறந்தது ராயபுரத்தில். அவருடைய அப்பா ரயில்வே பட்டறையில் சம்மட்டி அடித்தவர். பதினெட்டு வயதில் சாதாரணச் சிப்பாயாகப் போய்ப் பாலம் கட்டி, குழி வெட்டி, ஒரு வெள்ளைக்கார மேலதிகாரியின் கண்ணில் பட்டு, பரீட்சை எழுதி அதிகாரியானவர். ஜமீன் வீட்டுப் பிள்ளைகளோடு மெஸ்ஸில் உட்கார்ந்த முதல் வருடம், எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது என்று பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்தே சாப்பிட்டாராம்.

பர்மா யுத்தத்தில் மலேரியாக் காய்ச்சலோடு பட்டாளத்தை நடத்திப் போனார். சுதந்திரம் வந்து வெள்ளைக்காரர்கள் கப்பலேறியதும், காலியான நாற்காலிகளில் ஒன்று இவருக்குக் கிடைத்தது. கிடைத்த பிறகுதான் பாடு. நாட்டைப் போலவே படையையும் இரண்டாகப் பங்கு போட்டிருந்தார்கள். கூட உண்டு உறங்கிய நண்பர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம். மிச்சமிருந்தவர்களை ஒட்டுப்போட்டு ஒரு படையாக நிற்க வைக்க வேண்டும். பட்டறைக்காரன் மகன் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அது அவருக்குத் தெரியும். அதனால் தலைவலி என்றுகூட வெளியே சொல்ல மாட்டார்.

உடம்பு சரியில்லை என்று காலையில் டாக்டர் முன்னால் நிற்கும் சிப்பாய்களின் வரிசையை அவரே நேரில் போய்ப் பார்ப்பார். பாதிப் பேரை, "வேலைக்குப் போ" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வார். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த பதவி மேஜர் ஜெனரல். பட்டியலில் இவர் பெயர் வந்துவிட்டது. அதற்கு முன் மருத்துவக் குழு (அதிகாரிகளின் உடல்தகுதியைச் சோதித்துத் தரம் எழுதும் ராணுவ டாக்டர்கள்) முன்னால் போய் நிற்க வேண்டும். முதல் தரம் என்று எழுதினால்தான் படை நடத்தலாம். ஒரு படி இறங்கினால் ஏதாவது அலுவலகத்தில் கோப்பு பார்க்க வேண்டியதுதான். குரல் கம்ம ஆரம்பித்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. பேச வேண்டியதையெல்லாம் எழுதிக் கொடுத்தே சமாளித்துவந்தார். அளந்து பேசுகிற மனிதர் என்று அதற்கும் ஒரு நல்ல பெயர் கிடைத்தது.

யோசனை என்னுடையது. அப்போது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். எங்கள் சபையில் மௌன தியானம் என்று ஒரு வழக்கம் உண்டு. மூன்று நாள் யாரோடும் பேசாமல் ஜெபத்தில் இருப்பது. "குழு முன்னாடி போறதுக்கு மூணு நாள் இருக்கச்சொல்ல வாயே தொறக்காதீங்க. தியானத்துல கீறாருன்னு எல்லாருக்கும் நான் சொல்லிக்கிறேன்" என்றேன். சமையல்காரரிடமும் ஏவலாளிடமும் அப்படியே சொன்னேன். அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டு, மூன்று நாளும் ஜெபமாலையோடு அறைக்குள் இருந்தார். கர்த்தரையே பொய்சாட்சிக்கு இழுத்தேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான்காம் நாள் காலையில் குரல் கணீரென்று வந்தது. குழு முன்னால் நாலைந்து கேள்விக்கு நறுக்கென்று பதில் சொல்லிவிட்டு, முதல் தரம் என்ற சீட்டோடு வீட்டுக்கு வந்தார். "பாத்தியாடி, ராயபுரத்து மூள" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஜெனரல் பெண்சாதி என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது?

நாலு மாதம் கழித்து, பதவி உத்தரவு இன்னும் வராதபோது, ஒரு பெரிய அணிவகுப்பு. வெளியூரிலிருந்து மேலதிகாரிகள் வந்திருந்தார்கள். நான் குடும்பங்கள் உட்காரும் பந்தலில் இருந்தேன். அவர் முன்னால் வந்து நின்று, மார்பை நிமிர்த்தி, கட்டளையிட வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். காற்றுதான் வந்தது. முழுப் படையும் அசையாமல் நின்றது. பின்னாலிருந்த இளைய அதிகாரி ஒருவர் புரிந்துகொண்டு அந்தக் கட்டளையைத் தானே உரக்கச் சொல்ல, துப்பாக்கிகள் ஏறி இறங்கின. அதோடு அவருடைய உத்தியோகம் முடிந்தது.

மருத்துவ விடுப்பில் சென்னைக்கு வந்து ராயபுரத்தில் என் தாய்வீட்டில் தங்கினோம். அங்கே என் தம்பி அந்தோணி மட்டும் இருந்தான். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவன். டிராம் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். தொண்டை டாக்டரின் அறை வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தி, "நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றார், காற்றுக் குரலில்.

டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ரெண்டு மாசமா."

பதினொரு மாதம் ஆகியிருந்தது. அதைச் சொன்னால் காகிதத்தில் ஏறும். ஏறினால், மருத்துவக் குழுவை ஏமாற்றினவர் என்ற பெயர் வரும். சாகிற நோய் வந்தாலும் அந்தப் பெயர் வரக் கூடாது என்று இருந்தார் அவர். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துணுக்குச் சோதனையில் (புண்ணிலிருந்து கடுகளவு சதை எடுத்து உருப்பெருக்கியில் பார்ப்பது) குரல்வளையில் புற்று என்று வந்தது. ஆரம்ப நிலை போலிருக்கிறது, முதலில் ஆழ் எக்ஸ்ரே (கதிர் பாய்ச்சிப் புற்றைப் பொசுக்குவது) கொடுத்துப் பார்ப்போம், குரலைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இரண்டு மாதம் என்ற கணக்கையும் நம்பித்தான் அப்படிச் சொன்னார். ஆறு வாரம் தினமும் போய்வந்தோம். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. எச்சில் விழுங்குவதற்கே தூணைப் பிடித்துக்கொள்வார். புண் மட்டும் ஆறவில்லை.

"ரெண்டு மாசத்துப் புண் மாதிரி இது நடந்துக்கலையே" என்று ஒருநாள் டாக்டர் தனக்குள் பேசிக்கொள்வது போலச் சொன்னார். என் கணவர் வெளியே பெஞ்சில் இருந்தார். அப்போது நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாதக் கணக்கு, தியானம், அதிமதுரம் எல்லாம்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அம்மா, முதல் நாளே சொல்லியிருந்தா நேரா ஆபரேஷனுக்குப் போயிருப்பேன்."

"அப்படின்னா கொணமாயிருப்பாரா?"

"அத நான் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க."

சொல்லாமலே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் நான் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு இனி அதன் வழியாகத்தான். அதில் ஒரு வெள்ளிக் குழாய், அதற்குள் கழற்றியெடுக்கிற ஒரு உள்குழாய். இப்படி ஒருவரைப் பார்த்துக்கொள்ள நேர்ந்தால், உள்குழாயை ஒருநாளைக்கு மூன்று முறை எடுத்துக் கழுவிக் கொதிக்க வையுங்கள். துளையின் மேல் நனைத்த மல் துணியைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். ராயபுரத்தில் துறைமுகத்து நிலக்கரித் தூசி ஜன்னல் வழியாக வந்து இட்லி மேல்கூடப் படியும். காலையில் வெள்ளையாகக் கட்டிய துணி மத்தியானம் கறுத்துவிடும். தண்ணீர் துளைக்குள் போனால் ஆபத்து. கடலில் குதித்து வளர்ந்த அவரை மார்புக்குக் கீழே மட்டும் துடைத்துவிட்டேன். மூக்கு வழியே காற்றுப் போகாததால் வாசனையும் தெரியாது. வீட்டின் பின்னால் கருவாடு காயும். அவருக்கு அந்த வாசனை கிடையாது.

பேசுவதற்கு ஒரு சிலேட்டு. அந்தோணிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். "அக்கா, மச்சான் எழுதிக்கினதப் படிச்சி முடிக்கிறதுக்குள்ள கப்பலே பூடும்" என்பான். அவர் தோள் குலுங்கும். அந்த வீட்டில் சிரிப்பு என்று இருந்தது அவ்வளவுதான்.

டாக்டரிடம் நான் சொன்னது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் சிலேட்டில், "அந்த மூன்று நாள் நீ சொன்னதால்தான் வாய் திறக்காமல் இருந்தேன்" என்று எழுதி என் முன்னால் வைத்தார். உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. 'நான் சொன்னதை எல்லாம் கேட்கிறவரா நீங்கள்?' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே பதில் பேசக் குரல் இல்லாதவரிடம் எப்படிச் சண்டை போடுவது? துணியை நனைத்துச் சிலேட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மன்னித்தேன் என்று அவர் கடைசி வரை எழுதவில்லை. நோயாளியின் கோபம் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் விழும், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒருநாள் காலை திருவொற்றியூரிலிருந்து வேலாயுதம் வந்தார். பர்மாவில் இவருக்குக் கீழே நாயக்காக (பத்துச் சிப்பாய்களுக்குத் தலைவர்) இருந்தவர். திருவொற்றியூரிலேயே ஒரு தொழிற்சாலையில் இப்போது வாட்ச்மேன். யார் வந்திருப்பது என்று சொன்னதும் என் கணவர் பெட்டியைக் காட்டிச் சீருடைச் சட்டையை எடுக்கச் சொன்னார். மல் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, துளை தெரியாதபடி கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டார். "வேணாங்க, மூச்சு முட்டும்" என்றேன். ஒரு பார்வை பார்த்தார். மூவாயிரம் பேர் பயந்த பார்வை அது. நான் ஒதுங்கிக்கொண்டேன்.

"சாப், நாயக் வேலாயுதம் வந்துகீறேன் சாப்!" என்று அவர் விறைப்பாகச் சல்யூட் அடித்தார். இவர் நாற்காலியை விட்டு எழுந்து, பதில் சல்யூட் அடித்து, கையை இறக்காமல் நின்றார். முகம் கறுத்துக்கொண்டே வந்தது. உதடு நீலமாயிற்று. நான் ஓடிப்போய்க் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். பட்டன் தெறித்து எங்கோ விழுந்தது. சளி பீறிட்டு வந்தது. துடைத்துக் குழாயைச் சரி செய்கிறபோது பார்த்தேன்: வேலாயுதம் சுவரைப் பார்த்துத் திரும்பி, அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்தார்.

"சாப் ரெடின்னு சொல்லுங்கம்மா, அப்பால திரும்பறேன்."

என் கணவர் அழுதார். அழுகைக்கும் குரல் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். துளையில் காற்று மட்டும் விட்டுவிட்டு வந்தது. வேலாயுதம் வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரைத் திரும்பச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் கழுத்தின் இடப்பக்கம் நெறி கட்டியது (புற்று பரவி முடிச்சாகத் திரளுவது). டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், உள்குழாயைக் கழுவ எடுத்துப் போய்க் கொதிக்க வைத்துத் திரும்பி வருவதற்குள் போய்விட்டார். துளையில் கையை வைத்துப் பார்த்தேன். காற்று இல்லை. குழாய் கையில் சூடாக இருந்தது.

அதன் பிறகு நாள் எப்படிப் போகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்று முறை குழாய் கழுவுவதுதான் எனக்குக் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று இருந்தது. கழுவ ஒன்றும் இல்லாமல் நாள் நீண்டுகொண்டே போனது.

எட்டு மாதம் கழித்து, சோறு விழுங்கும்போது என் தொண்டையில் ஏதோ இடறியது. "சளியா இருக்கும்க்கா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றான் அந்தோணி. நான் அன்றைக்கே போனேன். அதே டாக்டர். நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு கண்ணாடியை விட்டுப் பார்த்தார். பிறகு கழுத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. மனக் கவலைக்கு இப்படி இடறும். உங்களுக்கு இன்னும் நெறைய வருஷம் இருக்கு, போயிட்டு வாங்க."

வெளியே வந்து தாழ்வாரத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணிக்கு உள்ளே போனவள். மணி பத்தேகால் ஆகியிருந்தது. பதினொரு மாதம் நாங்கள் நடுநடுங்கித் தள்ளிப்போட்ட சோதனை அவ்வளவுதான். கால் மணி நேரம்.

பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து எழுந்து டிராமுக்குப் போக மத்தியானம் ஆகிவிட்டது.