பட்டம் எடுக்கப் போன தம்பி

எல்லாம் காலை ஐந்து ஐம்பதுக்கு ஆரம்பித்தது. உழவர்கரை மண்டபத்தில், மணமகள் அறைக் கடிகாரத்தைப் பார்த்தபடிதான் நின்றிருந்தேன். என் தம்பி ஏழுமலை கதவைத் தட்டினான்.

"யக்கா, கோவப்படாத. பட்டத்த வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்."

என் ஒரே மகள் சங்கவிக்கு அன்று கல்யாணம். ஏழரையிலிருந்து ஒன்பது வரை முகூர்த்தம். தாலி ஏறுவதற்கு முன் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பொன் பட்டம் கட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் அது இல்லாமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

"உனக்கு இருந்ததே ஒரு வேலைடா!"

"தோ, கதிர்காமந்தானே. பத்து நிமிஷத்துல வந்துட்றேன்." ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான்.

ஆறரை ஆயிற்று. வரவில்லை. போன் செய்தேன். எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் மூன்றாவது முறையாக வெந்நீர் கேட்டார்கள். வீடியோக்காரர் என்னை நகரச் சொன்னார். யாரைப் பார்த்தாலும் எரிச்சல். தோழிகளோடு சிரித்துக்கொண்டிருந்த சங்கவியைப் பார்த்தால் இன்னும் எரிச்சல்.

"ம்மா, ஒரு நிமிஷம் என்னப் பாரேன். எப்டி இருக்கேன்?"

"இருடி" என்றேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதினோராவது முறை அழைத்தபோது என் பெட்டிக்குள் ஏதோ அதிர்ந்தது. திறந்தேன். மஞ்சள் பைக்குள் ஏழுமலையின் போன்.

அப்போதுதான் உறைத்தது. முந்தின நாள் மாலை சங்கவி ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். "என் கல்யாணத்துல எல்லாரும் என் மூஞ்சியப் பாருங்க. போனப் பாக்காதீங்க." வீட்டு மனிதர்கள் எல்லாருடைய போனையும் நான்தான் வாங்கி, சத்தத்தை அணைத்து, இந்தப் பையில் போட்டேன். என்னுடையதை மட்டும் போடவில்லை. நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்று நினைப்பு.

என் வீட்டுக்காரர் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "வீடு பூட்டியிருக்கு. ரோட்லயும் ஆளக் காணோம்" என்றார். போன வருஷம்தான் ஏழுமலைக்கு நெஞ்சில் அடைப்பு எடுத்தார்கள். எங்கேயாவது விழுந்து கிடந்தால் யாரிடம் சொல்வான்? எதைக் கொண்டு சொல்வான்?

மணி ஏழரை தாண்டியது. வெளியே ஐயர் பெண்ணை அழைத்து வரச் சொன்னார். சம்பந்தியம்மா எட்டிப் பார்த்து, "பட்டம் அப்புறம் கட்டிக்கலாமே" என்றார். கதவைச் சாத்திவிட்டேன். மரியாதையில்லைதான்.

சுவரோரம் உட்கார்ந்தேன். முதலில் வந்தது வேண்டுதல் இல்லை, சண்டைதான். "அங்காளம்மா, விடாம விளக்கு ஏத்தினேனே, இதுக்குத்தானா? உனக்குக் கண் இல்லையா?" என்று கேட்டேன். ஆமாம், அப்படித்தான் கேட்டேன். பிறகு குரல் உடைந்தது. "பட்டம் வேணாம் தாயே. முகூர்த்தம் போனாலும் போகட்டும். அவன உயிரோட கொண்டா. இனி என்னால ஒண்ணும் முடியாது. நீ பாத்துக்க."

போனைப் பைக்குள் போட்டேன்.

பக்கத்தில் பட்டுப்புடவை சரசரத்தது. சங்கவி தரையில் வந்து உட்கார்ந்திருந்தாள். "அழாதம்மா. மாமா எப்டி வருவாரு, காட்டட்டா?" என்றவள் எழுந்து, இல்லாத தொப்பையைத் தள்ளிக்கொண்டு, தோளில் இல்லாத துண்டை உதறி, "யக்கா, கோவப்படாத" என்றாள். அப்படியே ஏழுமலை. அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அப்போதுதான் அவளைப் பார்த்தேன். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு சிரிப்பில் கொஞ்சம் ஈஷியிருந்தது. அவ்வளவு அழகாக இருந்தாள். இரண்டு மணி நேரமாக அதே அறையில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வரும் சகோதரிகளே, இதை எழுதும்போதும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. பயந்த சுபாவம் ஒரே நாளில் போய்விடாது. ஆனால் இப்போது சங்கவி எங்கள் நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்தால், என் போன் சமையலறை அலமாரிக்குப் போய்விடுகிறது. அவள் பேசும்போது அவள் முகத்தைப் பார்க்கிறேன். நான் கேட்டது தம்பியை. அந்தத் தாய் முதலில் கொடுத்தது என் மகளின் முகத்தை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காலைப்பொழுது வரும். அழகாக வேண்டிக்கொள்ள வராது. கோபம் வந்தால் கோபமாகவே கேளுங்கள். அவள் வாங்கிக்கொள்வாள். கேட்டுவிட்டு, கையில் இருப்பதைக் கீழே வையுங்கள்.

எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் நாதஸ்வரம் திடீரென்று கிளம்பியது. ஓடினேன். பூ அலங்காரம் செய்த கார் ஒன்று நின்றிருந்தது. கண்ணாடியில் யாரோ வேறு இரண்டு பேரின் பெயர்கள். யாரோ பெரிய மனிதர் என்று மேளக்காரர்கள் வாசிக்க, முன் சீட்டிலிருந்து வியர்வையில் நனைந்த ஏழுமலை இறங்கினான். பட்டத்து டப்பா மார்போடு இருந்தது. குறுக்கு வழியில் வரும்போது ஸ்கூட்டர் பஞ்சராகிவிட்டதாம். யாரிடமாவது போன் வாங்கிப் பேச, ஒருவர் நம்பரும் மனப்பாடம் இல்லையாம். வண்டியைத் தள்ளியே வந்திருக்கிறான். வேறொரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய கார், கை காட்டாமலேயே நின்றதாம்.

"மாமா, நீங்கதான் மாப்பிள்ளையா?" என்று பின்னாலிருந்து சங்கவி கத்தினாள். மண்டபமே சிரித்தது.

நான் அவன் சட்டையைப் பிடித்து, "நெஞ்சு வலிக்குதாடா?" என்றேன். சிரிப்பும் அழுகையுமாக.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"இன்னாக்கா, சிரிக்கிற? வழிபூரா, நீ அடிப்பன்னு பயந்துக்கினே வந்தேன்."