பார்த்தவர் பெயர்

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பீங்கான் பியூஸ் கட்டைகளைப் பளபளப்புத் தரும் கிளேஸ் கரைசலில் முக்கி எடுப்பவள் அருள்மேரி. வாரத்தில் ஆறு நாள் அந்த வேலை. ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நேராக ஏரிக்கரைக்குப் போய்ப் பறவைகளை எண்ணுவாள். எண்ணியதைக் கைப்பேசியில் ஏற்றினால், பல ஊர் ஏரிகளின் பொதுக் கணக்கோடு அதுவும் சேர்ந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயலாம். "கூலி உண்டா?" என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆரம்பித்து வைத்தவன் அவள் புருஷன் பாக்கியநாதன். பைத்தியம் என்றால் அப்படி ஒரு பைத்தியம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஜன்னலுக்கு வெளியே கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன். பதினோரு வருஷம் ஒரு ஞாயிறு விடாமல் எண்ணினான். பிறகு குஜராத்தில் டைல்ஸ் கம்பெனி வேலைக்குப் போனான். பைனாகுலரையும் எடுத்துக்கொண்டு போனான். அங்கேயும் ஏரி இருக்குமாம். ஒரு வருஷம் போன் வந்தது. அப்புறம் கிணற்றில் போட்ட கல்தான்.

அவன் கிளம்பிப் போன அந்த வாரமே, வரும்வரை கணக்கு அறுந்துபோகக் கூடாது என்று அவள் எண்ண ஆரம்பித்திருந்தாள். 'பார்த்தவர் பெயர்' என்ற கட்டத்தில் அவன் பெயரே இருந்தது. அவள் அதை மாற்றவில்லை. வந்து பார்த்தால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். ஏழு வருஷமாக அதையே நினைத்தாள்.

இந்தக் கார்த்திகையில் ஒரு போன் வந்தது.

"பாக்கியநாதன் சார் இருக்காங்களா? நான் துர்கா, பறவை ஆராய்ச்சி பண்றேன். உங்க ஏரிக் கணக்கை எடுத்துப் பார்த்தேங்க. கொக்கு, நாரையெல்லாம் அப்படியே இருக்குது. உள்ளான் மட்டும் 2018லேர்ந்து பாதியாயிடுச்சு. ஏரியில ஏதாச்சும் ஆச்சாங்க?"

"அவரு வெளியூரு போயிருக்காரும்மா. ஏரி நல்லாத்தான் இருக்குது" என்றாள் அருள்மேரி.

"அப்போ உள்ளான் கொறைஞ்சிட்டு வருதுன்னு கட்டுரையில எழுதிடுறேங்க. சார் பேரையும் போடுவோம்."

அவன் பெயர் அச்சில் வரும். எங்கேயோ இருக்கிறவன் கண்ணில் பட்டாலும் படும். வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். ஆனால் உள்ளான் சின்னஞ்சிறு குருவி. அக்கரைச் சேற்றில் மேய்வதை அவன் பைனாகுலரில் எண்ணினான். அவளுடைய வெறுங்கண்ணுக்கு இக்கரையில் இருப்பவைதான் தெரியும். தன் குறைக் கணக்கை அதோடு ஒட்டி, அவன் பாடுபட்டு எண்ணிய பதினோரு வருஷத்தைப் பொய்யாக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"எழுதிடாதம்மா. அவரு இல்ல. நாந்தான் எண்ணுறேன். எனக்கு அக்கர தெரியாது."

"எந்தத் தேதியிலேர்ந்துக்கா?"

அவள் யோசிக்கவே இல்லை. "2018 ஜனவரி இருபத்தொண்ணு. அதுக்கு முந்தின வியாழக்கெழமதான் வூட்ட வுட்டுப் போனாரு."

துர்கா தேதியைத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டாள். பிறகு, "ரெண்டு பேரு கணக்கையும் தனித்தனியா பிரிச்சுக்கிட்டா எதுவும் வீணாப் போவாதுக்கா. இனிமே உங்க பேரையே போடுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் கைப்பேசியைத் திறந்ததும், அந்தக் கட்டத்தில் அவன் பெயர் தானாக வந்து நின்றது. கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். 'பா' மட்டும் மிஞ்சியபோது விரல் நின்றுவிட்டது. அங்கேயே நின்று அழுதாள். பிறகு அதையும் அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள்.

கொக்கு முப்பத்திரண்டு. நாரை ஒன்பது. உள்ளானுக்கு எண் போடவில்லை. 'அக்கரை தெரியவில்லை' என்று எழுதி அனுப்பினாள்.